ஒன்பது நாற்பத்திரண்டு

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கழற்றியாயிற்று, அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. இருட்டில் தரையில் வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். போட்டிருந்த ஸ்வெட்டருக்குப் பை கிடையாது. கடைசியில் லேப்காரம்மா கண்ணாடியின் ஒரு காலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து, தன் வீட்டுக்காரரின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள்.

கறுப்பாக இருந்தது. கறுப்பில் நாலைந்து நட்சத்திரம், அவ்வளவுதான். நடுவில் மங்கலாக ஒரு புகை தெரியும், நூற்றிப்பத்து வானப் பொருள்களின் பட்டியலில் எழுபத்து நான்காவதான நட்சத்திர மண்டலம் அது, நேராகப் பார்த்தால் ஓடிவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் வரும் என்று மாதக்கணக்கில் பாடம் எடுத்திருந்தார் மனுஷன். அவள் நேராகவும் பார்த்தாள், ஓரமாகவும் பார்த்தாள். புகையும் இல்லை, புகையின் நிழலும் இல்லை. முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் டைம்கீப்பர், மடியில் நீள நோட்டு, நோட்டின் மேல், இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்கச் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச். ஒரு காலத்தில் பஸ் டிப்போவில் வண்டி கிளம்புகிற நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு நட்சத்திரங்களையும் அதே கண்டிப்போடு குறித்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதாம்மா?" என்றார்.

அவளுடைய லேபில் யாராவது இப்படி அவசரப்படுத்தியிருந்தால் வேறு லேப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பாள். இருபத்தெட்டு வருடமாக மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்களை எண்ணுகிறவள். இயந்திரம் பழுதான ஒரு நாளில், நேற்றைய எண்ணிக்கையையே சும்மா போட்டுக் கொடு என்று முதலாளி சொன்னபோது, எண்ணாததை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள். அந்த வாய் எல்லாம் இங்கே வரவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். அவருக்கு அப்பா அம்மா இல்லை, அக்கா தங்கை இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குப் புகுந்த வீடு என்று ஒன்று இருந்தால், அது இந்த மொட்டை மாடியும் இதில் நிற்கிற நான்கு பேரும்தான். புகுந்த வீட்டில் முதல் நாளே முகத்தைச் சுளிக்க முடியுமா?

"தெரிஞ்சுது," என்றாள், கண்ணாடிக் காலைக் கடித்தபடியே.

"ஒன்பது நாப்பத்திரண்டு. கண்டது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் டைம்கீப்பர்.

வரிசை சட்டென்று அமைதியானது. குளிர்தான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மருந்துக்கடைக்காரர் குனிந்தார், ஆஹா என்றார். பல் டாக்டர் குனிந்தார், நன்றாகத் தெரிகிறதே என்றார். அடுத்து டீச்சர். அந்த அம்மாள் நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து, ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினார். கடைசியாக டைம்கீப்பரே நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து பார்த்து, தன் பெயரையும் தானே எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் அப்போது அங்கே இல்லை. தொலைநோக்கியைத் திருப்பி வைத்துவிட்டு, வாங்க, சீக்கிரம் பாருங்க என்று அவளைக் கூப்பிட்டவர், அவள் பல் கிட்டுவதைக் கவனித்துவிட்டு, கம்பளிக் குல்லாய் எடுத்துவர இரண்டு மாடி இறங்கிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நான்கு பேரும் ஒரே நேரத்தில் அவரிடம் சொன்னார்கள், உங்க வீட்டம்மா பார்த்துட்டாங்க என்று. அவர் குல்லாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அதற்குள் மேற்கிலிருந்து மேகம் வந்து வானத்தை மூடிவிட்டது. தொலைநோக்கிகளுக்கு உறை போட்டுவிட்டு எல்லோரும் படுக்கப் போனார்கள்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பயிற்சி விடுதியாக இருந்தது. ஊர் வெளிச்சம் எட்டாத மேட்டில் இருப்பதால் வருடத்தில் ஒரு வார இறுதியில் வானம் பார்க்கிற இந்தக் கூட்டம் அதை வாடகைக்கு எடுக்கும். அறைகளில் இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்று. வீட்டுக்காரர் மேல் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தார். ஒவ்வொரு புரளலுக்கும் கட்டில் முனகியது.

"தூங்கலையா நீங்க?" என்றாள் கீழிருந்து.

"தூக்கமாவது. அவ பன்னண்டு வருஷம் பார்த்தா. பட்டியல்ல மத்த நூத்தி ஒன்பதும் பார்த்துட்டா. இந்த எழுபத்து நாலு மட்டும் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. உங்களுக்கு மொத நாளே கிடைச்சிடுச்சு." கட்டில் மறுபடி முனகியது. "எனக்கு அழுகையா வருது, சிரிப்பாவும் வருது. நீங்க தூங்குங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ என்றால் மூத்தவள், அவருடைய முதல் மனைவி. இறந்து நான்கு வருடம் ஆகிறது. டீச்சரும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதம். வரிசை ஏன் வாயடைத்துப் போனது என்று இப்போது விளங்கியது. சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்ன பொய், நேராகப் போய் அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் மூன்று தடவை வில்லையை மாற்றி மாற்றித் தேய்த்துக் கொடுத்து, மைக்ராஸ்கோப்பில் இடிக்காத கண்ணாடியாகச் செய்து தந்து, அதற்குள் தெருவெல்லாம் பேசும்படி அவளிடம் மனதைக் கொடுத்த மனுஷன் இவர். மூத்தவளைப் பற்றிப் பேசினால் அவளுக்கு வலிக்குமோ என்று எட்டு மாதமாக மென்று விழுங்கியவர், இன்றைக்குத்தான் வாய்விட்டுப் பேசியிருக்கிறார். அதுவும் ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டு.

விடிந்ததும் அவள் முதல் ஆளாகக் கீழே இறங்கினாள். சாப்பாட்டு அறையின் நீள மேஜையில் டீக் குடுவையும் கவிழ்த்த தம்ளர்களும் இருந்தன. ஓரத்தில் அந்த நோட்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எழுபத்து நான்காம் பக்கத்தின் மூலைகள் மட்டும் மற்றவற்றைவிட மழுங்கியிருந்தன. தேதி, நேரம், பெயர், கண்டது அல்லது காணவில்லை, கடைசியில் குறிப்பு. குறிப்பை மட்டும் அவரவர் கையாலேயே எழுதுவது வழக்கம். மூத்தவளுடைய கையெழுத்தை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். கரும்பலகையில் எழுதிப் பழகிய பெரிய, நிமிர்ந்த எழுத்து.

'காணவில்லை. இருக்கிறது என்கிறார். இருக்கட்டும்.'

அடுத்த வருடம்: 'காணவில்லை. கால்தான் விறைத்தது.'

அதற்கடுத்து: 'காணவில்லை. எனக்கு முன்னால் பார்த்த பல் டாக்டருக்குத் தெரிந்ததாம். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.'

லேப்காரம்மா தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்ததில் டீ மூக்கில் ஏறியது. இந்தப் பெண் உயிரோடு இருந்திருந்தால் நமக்கும் இவளுக்கும் நன்றாக ஒத்துப்போயிருக்கும் என்று தோன்றியது. அவள் உயிரோடு இருந்திருந்தால் நாம் இங்கே ஏன் வரப்போகிறோம் என்பதும் கூடவே தோன்றியது. பன்னிரண்டு வரிகள். பன்னிரண்டாவதில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது: 'காணவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்.' அதற்குக் கீழே நான்கு வருடத்துக்கு மற்றவர்களின் வரிகள். அவற்றுக்கும் கீழே, நேற்றைய தேதியில், ஒன்பது நாற்பத்திரண்டு, கண்டது. குறிப்பு எழுத வேண்டிய இடம் காலியாக அவளுக்காகக் காத்திருந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் அவர் முகம் வாடும், டீச்சரின் முகம் என்ன ஆகுமோ. நோட்டை மூடி வைத்துவிட்டு, எல்லோரும் வரும்வரை மேஜையில் சிந்தியிருந்த சர்க்கரையை விரலால் ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் வந்தன. வீட்டுக்காரர் அவளுக்காக ஒரு முட்டையை உரித்துத் தட்டில் வைத்தார். அந்த முட்டையைப் பார்த்ததும் அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நேத்து நான் ஒண்ணுமே பார்க்கலை," என்றாள். "தெரிஞ்சுதுன்னு பொய் சொன்னேன். என் வரிய அடிச்சிடுங்க."

பேனா எப்போதும் தயாராக இருக்கும் டைம்கீப்பர்கூட அதை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து நேற்றிரவு வந்த வெளிச்சம் மெல்ல இறங்குவதை அவள் பார்த்தாள். அதைப் பார்ப்பதற்குப் பதில் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. வேறு ஏதோ ஞாபகம் வந்தவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நான் எத்தனை மணிக்கு மாடியை விட்டு இறங்கினேன் என்று டைம்கீப்பரிடம் கேட்டார்.

டைம்கீப்பர் நோட்டைத் திறந்தார். அதுவும் குறித்திருந்தது. ஒன்பது நாற்பது, தொலைநோக்கி நிறுத்தப்பட்டது. ஒன்பது நாற்பத்தொன்று, உரிமையாளர் கீழே சென்றார்.

"திரும்பி வந்தது ஒன்பது அம்பத்து மூணு. நடுவுல யாரு தள்ளி விட்டது?" என்றார் வீட்டுக்காரர்.

இதைப் புரிந்துகொள்ள அந்தத் தொலைநோக்கியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மோட்டார் கிடையாது. அவரே செய்த நீளமான மரப்பெட்டி, கையால் தள்ளினால் திரும்பும். வானமோ யாருக்காகவும் நிற்பதில்லை. நடுவில் வைத்த பொருள் ஒன்றரை நிமிடத்துக்குள் ஓரமாக நழுவி வெளியே போய்விடும். பக்கத்தில் ஒருவர் நின்று சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, வெள்ளை விளக்கு ஏற்றக்கூடாது என்பதற்கு அடுத்தபடியாக: அடுத்தவர் தொலைநோக்கியில் கை வைக்கக் கூடாது. மூத்தவள்கூடப் பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் வைத்ததில்லையாம். பல வருடம் பல்லைக் கடித்துக் கட்டிக்காத்த ஒழுக்கம்.

"உங்க பொருள்ல யாரு சார் கை வைப்பா," என்றார் மருந்துக்கடைக்காரர், பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

லேப்காரம்மா தன் பக்கம் நோட்டைத் திருப்பி விரலை வைத்துக் கீழே இறங்கினாள். லேபில் முடிவுகளைச் சரிபார்க்கிற அதே விரல். ஒன்பது நாற்பத்திரண்டு அவள். நாற்பத்து நான்கு மருந்துக்கடைக்காரர். நாற்பத்தாறு பல் டாக்டர், குறிப்பில் 'மிகத் தெளிவு' என்று வேறு எழுதியிருந்தார். நாற்பத்தொன்பது டீச்சர். ஐம்பத்தொன்று டைம்கீப்பர். அவள் கண்ணை வைப்பதற்கு முன்பே எழுபத்து நான்கு நழுவிப் போய்விட்டிருந்தது. ஐந்து பேரும் பார்த்தது வெறும் கறுப்பு. விரல் ஒவ்வொரு வரியிலும் நின்று நகர்ந்தது. பல் டாக்டர் திருதிருவென்று விழித்துக்கொண்டு, உப்பு எங்கே என்று தேடினார். உப்பு அவர் கையில்தான் இருந்தது.

முதலில் பேசியது டீச்சர்தான்.

"நானும் பார்க்கலை," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "அவளுக்குப் பன்னண்டு வருஷம் கிடைக்காதது, வந்த மொத நாளே இவங்களுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு ஆத்திரம். எனக்காவது கிடைச்சாகணும்னு நினைச்சேன். ஒண்ணும் தெரியலை. தலைய ஆட்டிட்டேன்." அப்புறம் நிமிர்ந்து லேப்காரம்மாவை நேராகப் பார்த்தார். வந்ததிலிருந்து அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அவளா இருந்தா நேத்தே சொல்லியிருப்பா. நீங்க ஒரு ராத்திரி எடுத்துக்கிட்டீங்க. பரவாயில்லை."

அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு என்ன வழி? மருந்துக்கடைக்காரர், ஒரு பெண்ணே பார்த்துவிட்டார் என்னும்போது நான் எப்படி இல்லை என்பது என்று இழுத்து, இரண்டு பெண்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பல் டாக்டர், தான் பார்த்தது கண்ணில் விழுந்த பூச்சியாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். டைம்கீப்பர்தான் பாவம், கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருட வேலையில் கிளம்பாத வண்டியைக் கிளம்பியதாக ஒருநாளும் எழுதியவரில்லை. அவர் அளவுகோலை வைத்து ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். அடித்ததன் ஓரத்தில் அன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டார். வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகவே சிரித்தார். இதைக் கேட்டிருந்தால் அவள் ஒரு வாரம் சிரித்திருப்பாள் என்றார். லேப்காரம்மா அந்த முட்டையை இரண்டாகப் பிட்டுப் பாதியை அவர் தட்டில் வைத்தாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை படியில் தடுக்கினார். மேகம் போகுமா போகாதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சாயங்காலம் அது தன்னாலேயே விலகிப் போயிற்று.

ஒன்பதரைக்கு மறுபடி அதே மாடி, அதே வரிசை. இந்தத் தடவை குல்லாய் ஏற்கெனவே அவள் தலையில் இருந்தது. வீட்டுக்காரர் பெட்டியைத் திருப்பி, கண்ணை வைத்து, கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, நிமிர்ந்தார். நான் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் நிற்கிறேன் என்றார், ஒரு குழந்தையிடம் சொல்வது போல. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பல்லில் கடிக்கப் போனபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"கண்ணாடியக் குடுங்க, நான் வச்சுக்கிறேன்," என்றார் டீச்சர்.

நேற்று ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்ததும் ஒரு தப்பு என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. மைக்ராஸ்கோப்புக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். ஐந்து நிமிடத்தில் கண் களைத்துவிடும். அவள் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொண்டாள். இது லேப்தான் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே இருப்பது ஒரு பெரிய கறுப்பு ஸ்லைடு, அவசரப்படுகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். மூச்சு நிதானமானது. வீட்டுக்காரரின் கை பெட்டியை மெல்ல நகர்த்துவதும் நட்சத்திரங்கள் நடுவுக்குத் திரும்புவதும் தெரிந்தது. மறுபடி நழுவின, மறுபடி திரும்பின. எவ்வளவு நேரம் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. டைம்கீப்பருக்குத் தெரிந்திருக்கும்.

அப்போது, நடுவுக்குச் சற்றுத் தள்ளி, ஏதோ ஒன்று. புகை என்றுகூடச் சொல்ல முடியாது. கறுப்பு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்புக் குறைந்திருந்தது, கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டு அது ஆறிக்கொண்டிருப்பது போல. உடனே சந்தேகமும் வந்தது. ஆசைப்பட்டால் கண் எதைத்தான் காட்டாது? வில்லையில் அழுக்கா, கண்ணில் ஈரமா, இல்லை நிஜமாகவே அங்கே இருக்கிறதா? லேபில் இதற்கு ஒரே வழிதான். ஸ்லைடை ஒரு நூல் நகர்த்த வேண்டும். அணுக்களோடு சேர்ந்து நகர்ந்தால் அது பொருள், நின்ற இடத்திலேயே நின்றால் அழுக்கு.

அவள் கையை உயர்த்தித் தொலைநோக்கியின் மேல் வைத்தாள். பின்னால் மருந்துக்கடைக்காரர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. ஜில்லென்ற மரத்தில் ஏற்கெனவே இருந்த வீட்டுக்காரரின் கையின் மேல் அவள் விரல் பட்டது. அவர் தன் கையை எடுத்துக்கொண்டார். அவள் மெதுவாகத் தள்ளினாள்.

நட்சத்திரங்கள் இடப்பக்கமாக ஓடின. அவற்றின் நடுவில் அந்த ஆறாத மூச்சும், அவற்றோடு சேர்ந்தே ஓடியது.

மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தாள். மறுபடி தள்ளினாள். மறுபடியும் கூடவே வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எல்லாமே கலங்கிவிடும் போலிருந்ததால் அவள் கண்ணை விலக்கினாள். கையை மட்டும் விலக்கவில்லை.

"தெரியுதாம்மா?" என்றார் டைம்கீப்பர். இந்தத் தடவை அவர் குரலில் அவசரம் இல்லை.

"டீச்சர், மொதல்ல நீங்க வாங்க," என்றாள் லேப்காரம்மா. "நழுவாம நான் பிடிச்சுக்கிறேன்."

டீச்சர் தன் கண்ணாடியையும் கழற்றினார். ஒரே கையில் இரண்டு கண்ணாடிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எழுபத்து நான்காம் பக்கத்தில், பன்னிரண்டு காணவில்லைகளுக்கும் அடித்த ஐந்து வரிகளுக்கும் கீழே, நேரம் மட்டும் எழுதப்பட்ட ஒரு வரியின் மேல் டைம்கீப்பரின் பேனா சிவப்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது. லேப்காரம்மாவின் கை பெட்டியை ஒரு நூல் தள்ளியது, கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு நூல்.